பரவிய குடல் புற்றுநோயை இயக்கும் புரதத்தைக் கண்டறிவதும் அதன் மரபணுவை ஒடுக்கிப் பார்ப்பதும் எப்படி

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின், அந்தக் கட்டியில் எந்தெந்தப் புரதங்கள் மிகுந்திருக்கின்றன என்று பட்டியலிடுவது இன்று பெரிய வேலை அன்று. மூலக்கூறுகளின் எடையை அளந்து புரதங்களை இனங்காணும் நல்ல நிறை நிறமாலைக் கருவி ஒன்று இருந்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் கிடைத்துவிடும். அவற்றுள் எது நோயை முன்னின்று நடத்துகிறது, எது கூட்டத்தோடு கூட்டமாக வந்து நிற்கிறது என்று பிரித்தறிவதுதான் ஆய்வு. மரபணு ஒடுக்கம், அதாவது ஒரு மரபணு தன் புரதத்தை உருவாக்காதபடி அடக்குவது, முதலில் இந்தப் பிரித்தறிதலுக்கான கருவி. அது மருந்தாவது பிறகு, அதுவும் வேறு நிபந்தனைகளோடு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பல ஆய்வுகள் செல் வளர்ப்புத் தட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துபோகின்றன.

ஆய்வில் புதிதாக நுழையும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளிகளோ அவர்தம் குடும்பத்தினரோ படிக்க நேர்ந்தால், இன்றுவரை எந்தப் புற்றுநோய்க்கும் எஸ்ஐ-ஆர்.என்.ஏ. (மரபணுவை ஒடுக்கும் சிறு இரட்டை இழை ஆர்.என்.ஏ.) மருந்து ஒப்புதல் பெறவில்லை என்பதை மனத்தில் கொள்ளவும். கீழே உள்ளது ஆய்வு முறையே தவிர சிகிச்சைப் பரிந்துரை அன்று.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“குடல் புற்றுநோய் பரவுவதற்கு இந்தப் புரதம் காரணமா?” என்பது கேள்வியாகத் தோன்றினாலும் சோதிக்கத்தக்க கேள்வி அன்று. பரவல் என்பது பல படிகளைக் கொண்டது: மூலக் கட்டியிலிருந்து செல் கழன்று வருதல், இரத்தக் குழாய்க்குள் நுழைதல், குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடைதல், அங்கே சாகாமல் தங்குதல், பின்னர் வளர்ந்து கட்டியாதல். ஒரு புரதம் இவற்றுள் ஒரு படிக்கு மட்டும் தேவைப்படலாம். எந்தப் படி என்பதோடு எந்த வகை நோயாளியிடம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பரவிய குடல் புற்றுநோயில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குக் கே-ராஸ் மரபணுவில் சடுதிமாற்றமும், 8 முதல் 10 விழுக்காட்டினருக்கு பி-ராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றமும், 3 முதல் 5 விழுக்காட்டினருக்கு ஹெர்2 மரபணுப் பெருக்கமும் உண்டு. டி.என்.ஏ. பிழைதிருத்தம் குன்றிய வகை எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 15 விழுக்காடு. பரவிய நிலையில் மட்டும் பார்த்தால் 4, 5 விழுக்காடுதான். இவர்கள் அனைவரையும் ஒரே நோயின் நோயாளிகளாகக் கொண்டு சராசரி எடுத்தால், சிறு குழு ஒன்றில் உயிராதாரமாக இருக்கும் புரதம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. ஏ.பி.சி., கே-ராஸ், டிபி53 ஆகிய மரபணுக்களின் பெரும் சடுதிமாற்றங்கள் பெரும்பாலும் மூலக் கட்டியிலேயே இருப்பவை. பரவலுக்கென்றே உரிய சடுதிமாற்றம் ஒன்று எல்லா நோயாளிகளிடமும் சீராகக் கிடைத்ததில்லை. டி.என்.ஏ. எழுத்தை விட்டுப் புரதத்தின் அளவையும், அதன் செயலை மாற்றும் பாஸ்பேட் ஏறியுள்ள நிலையையும், அது யாரோடு கூடி வேலை செய்கிறது என்பதையும் நாம் தேடிப் போவது இதனால்தான்.

பட்டியலைத் தயாரித்தல், பின்னர் அதைச் சந்தேகித்தல்

பொதுவில் கிடைக்கும் தரவிலிருந்து தொடங்குங்கள். புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டமான டி.சி.ஜி.ஏ. 2012இல் 276 குடல் கட்டி மாதிரிகளின் மரபணுத் தரவை வெளியிட்டது. அதே திட்டத்தின் 95 மாதிரிகளைப் புரத அளவில் ஆராய்ந்து 2014இல் புற்றுநோய்ப் புரதங்களுக்கான சி.பி.டி.ஏ.சி. கூட்டமைப்பு வெளியிட்ட முடிவு, மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்கு எடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.வின் அளவை வைத்துப் புரதத்தின் அளவை நம்பிக்கையோடு ஊகிக்க முடியாது என்பது. ஆர்.என்.ஏ. தரவை மட்டும் பார்த்து இலக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஒரு முடிவையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 110 நோயாளிகளின் கட்டிகளைக் கொண்டு 2019இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது: பிற புற்றுநோய்களில் செல் பெருக்கத்தைத் தடுக்கும் காவலனாக அறியப்பட்ட ஆர்.பி. புரதம் பெருங்குடல் கட்டிகளில் குறையாமல் மிகுந்தே இருப்பதையும், அதன்மீது பாஸ்பேட் ஏறியிருப்பதே செல் பெருக்கத்தோடு இணைந்து நிற்பதையும் அது காட்டியது. மரபணு வரிசையையோ மொத்தப் புரத அளவையோ மட்டும் பார்த்திருந்தால் இது தெரியவந்திருக்காது.

ஆனால் இந்தத் தரவுகள் பெரும்பாலும் மூலக் கட்டியிலிருந்து வந்தவை. கல்லீரலுக்குப் பரவிய கட்டியை நீங்களே ஆராயும்போது வேறொரு பொறி காத்திருக்கிறது. மூலக் கட்டியோடு ஒப்பிட்டு, கல்லீரல் கட்டியில் மிகுந்த புரதங்களை இறங்குவரிசையில் அடுக்கிப் பாருங்கள்: உச்சியில் ஆல்புமின், அப்போலிப்போபுரதங்கள், யூரியா சுழற்சி நொதிகள் என்று வந்து நிற்கும். புற்றுநோய் செல் கல்லீரல் செல்லாக வேடம் மாறியிருக்கிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். மாதிரியை வெட்டும்போது விளிம்பில் ஒட்டி வந்த கல்லீரல் திசுதான் அது. லேசர் கொண்டு கட்டிப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்தோ, அருகிலுள்ள கட்டியற்ற கல்லீரல் திசுவை மூன்றாவது ஒப்பீடாகச் சேர்த்தோ இதைக் களைய வேண்டும்.

இதே வகைப் பிழை மூலக் கட்டியிலும் உண்டு. 2015இல் வகுக்கப்பட்ட நான்கு மூலக்கூற்று உட்பிரிவுகளுள் நான்காவது, ஏறத்தாழ 23 விழுக்காடு கட்டிகளை உள்ளடக்கியது, பரவும் தன்மை மிகுந்தது. அதன் அடையாளமாகக் கருதப்பட்ட மரபணுக்களில் பெரும்பகுதி புற்றுநோய் செல்லிலிருந்து வராமல், சுற்றியுள்ள இணைப்புத் திசுச் செல்களிலிருந்து வருவதை அதே ஆண்டு வெளியான ஆய்வுகள் காட்டின. எனவே உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தனிச்செல் ஆர்.என்.ஏ. தரவில் தேடி, அது எந்தச் செல்லின் குரல் என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். புற்றுநோய் செல்லில் இல்லாத மரபணுவைப் புற்றுநோய் செல்லில் ஒடுக்கிப் பார்த்து மாதங்களை இழப்பவர்கள் உண்டு.

அடுத்து, டெப்மேப் தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான செல் லைன்களில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வழிகளில்) அந்த மரபணுவை நீக்கியபோது என்ன நடந்தது என்று பாருங்கள். மதிப்பு 0 என்றால் விளைவில்லை. எல்லாச் செல்களுக்கும் இன்றியமையாத மரபணுக்களின் நடுமதிப்பு -1 ஆக இருக்கும்படி அது அளவிடப்பட்டிருக்கிறது. எல்லா லைன்களிலும் -1 காட்டும் மரபணு நல்ல இலக்கு அன்று. அதை ஒடுக்கினால் நல்ல செல்லும் சாகும். சில லைன்களில் மட்டும் ஆழமாக இறங்கும் மரபணுவே நமக்குத் தேவை. டி.என்.ஏ. பிழைதிருத்தம் குன்றிய செல்கள் டபிள்யூ.ஆர்.என். என்ற நொதியைச் சார்ந்து வாழ்கின்றன என்பது 2019இல் இவ்வகைத் தேடலிலிருந்துதான் தெரியவந்தது. ஆயினும் இந்தத் தரவுத்தளம் தட்டில் வளரும் செல்லின் பெருக்கத்தைத்தான் அளக்கிறது. கல்லீரலில் தங்கி வாழ மட்டும் தேவைப்படும் புரதம் இங்கே 0 காட்டினால் அதைத் தூக்கியெறிந்துவிடக் கூடாது.

ஒரு புரதத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்

பி.ஆர்.எல்.-3 என்ற பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டை அகற்றும்) நொதியை எடுத்துக்கொள்வோம். குடல் புற்றுநோயின் கல்லீரல் பரவல்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்கக் குழு, ஆராய்ந்த 18 பரவல்களிலும் இந்த மரபணுவின் வெளிப்பாடு உயர்ந்திருப்பதையும், 12 பரவல்களுள் 3இல் மரபணுவே பல பிரதிகளாகப் பெருகியிருப்பதையும் 2001இல் அறிவித்தது. 18க்கு 18 என்பது யாரையும் கவரும் எண். இருந்தும் இதிலிருந்து “இது இயக்குகிறது” என்ற முடிவுக்கு வருவதற்குள் இரண்டு கேள்விகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது இருப்பிடம். இந்த மரபணு 8ஆவது குரோமோசோமின் நீள்கரத்தின் கடைசிப் பகுதியில் உள்ளது. புற்றுநோயைத் தூண்டுவதில் பெயர்பெற்ற மிக் மரபணுவும் அதே கரத்தில் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கரம் முழுவதும் இரட்டிக்கும் கட்டிகளில் இரண்டும் சேர்ந்தே உயரும். மிக் வேலை செய்ய, பி.ஆர்.எல்.-3 உடன் வந்த பயணியாக இருக்கக் கூடாதா? முதல் ஆய்வில் பெருகியிருந்த துண்டு சிறியது என்பது பி.ஆர்.எல்.-3க்குச் சாதகமான சான்று. உங்கள் மாதிரிகளில் அந்தத் துண்டின் எல்லை எங்கே முடிகிறது என்று நீங்களும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி. பி.ஆர்.எல்.-1, 2, 3 ஆகிய மூன்றும் அமினோ அமில வரிசையில் முக்கால் பங்குக்கு மேல் ஒத்தவை. ஒன்றுக்கென்று வாங்கிய ஆன்டிபாடி மற்றவற்றையும் பிடித்தால், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனையில்) தெரியும் அழகான பட்டை எதற்குச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது? மூன்று மரபணுக்களையும் தனித்தனியே ஒடுக்கி, எதையும் ஒடுக்காத செல்லோடு சேர்த்து நான்கு குழிகளில் அருகருகே ஓட்டிப் பாருங்கள். மூன்றாவதை ஒடுக்கிய குழியில் மட்டும் பட்டை மங்கினால் ஆன்டிபாடி நம்பத்தக்கது. வேறொரு புரத ஆய்வில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஓராண்டு உழைத்துவிட்டு, இறுதியில் நான் அளந்துகொண்டிருந்தது அதன் உறவுப் புரதம் என்று கண்டறிந்த அனுபவம் எனக்கு உண்டு. அதன் பிறகு, எந்த ஆன்டிபாடியும் வந்த அன்றே இந்த நான்கு குழிகளைத் தாண்டாமல் என் மேசைக்கு வருவதில்லை.

ஒடுக்கிப் பார்க்கும் சோதனை

இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவை அடக்கும் என்பதை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு சிறு புழுவில் காட்டினார்கள். 2006இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 21 எழுத்து நீளமுள்ள சிறு இழைகள் பாலூட்டிச் செல்களிலும் வேலை செய்யும் என்பது 2001இல் தெரிந்தது. செல்லுக்குள் சென்ற எஸ்ஐ-ஆர்.என்.ஏ.வின் வழிகாட்டி இழையை ரிஸ்க் என்னும் புரதக் கூட்டு எடுத்துக்கொள்கிறது. அதற்கு இணையான தூது ஆர்.என்.ஏ. வந்து சேரும்போது, அந்தக் கூட்டிலுள்ள ஆர்கோநாட்-2 நொதி வழிகாட்டி இழையின் 10, 11ஆம் எழுத்துகளுக்கு எதிரே அதை வெட்டுகிறது.

வெட்டும் இடம் இது என்றாலும், தவறு நேரும் இடம் வேறு. வழிகாட்டி இழையின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் மட்டும் பொருந்தினாலே, தொடர்பில்லாத பல மரபணுக்களும் ஓரளவு அடங்கிவிடும். செல் செத்தது உங்கள் புரதம் குறைந்ததாலா, பெயர் தெரியாத வேறொன்று குறைந்ததாலா என்ற ஐயம் ஒவ்வொரு ஒடுக்கச் சோதனையிலும் நிழலாகத் தொடரும். இதற்காகத்தான் ஒரே மரபணுவின் வெவ்வேறு பகுதிகளைக் குறிவைக்கும் குறைந்தது மூன்று இழைகளைத் தனித்தனியே பயன்படுத்த வேண்டும். மூன்றையும் கலந்து ஊற்றிவிட்டு ஒரே முடிவைக் காட்டுவது போதாது. புரதம் எவ்வளவு குறைந்ததோ அந்த வரிசையிலேயே விளைவும் கூடிக் குறைய வேண்டும். நன்றாக ஒடுக்கும் இழையில் விளைவில்லாமல், அரைகுறையாக ஒடுக்கும் இழையில் செல்கள் மடிந்தால், அந்த இழை வேறெதையோ தாக்குகிறது என்று பொருள். 9 முதல் 11 வரையிலான எழுத்துகளை மட்டும் மாற்றிய இழை நல்ல எதிர்ச்சான்று: அது தூது ஆர்.என்.ஏ.வை வெட்டாது, ஆனால் 2 முதல் 8 வரையிலான பகுதி அப்படியே இருப்பதால் தவறான விளைவுகள் அதிலும் தோன்றும். கடைசிச் சான்று மீட்டல். எஸ்ஐ-ஆர்.என்.ஏ. அடையாளம் காணாதபடி எழுத்துகளை மாற்றி, ஆனால் அதே புரதத்தைத் தரும் மரபணுவைச் செல்லுக்குள் திரும்ப வைத்தால் பழைய நிலை மீள வேண்டும். புரதம் நொதியாக இருந்தால், செயலிழந்த நொதியையும் வைத்துப் பாருங்கள். அது மீட்கவில்லை என்றால் அந்தப் புரதத்தின் வினையே தேவைப்படுகிறது என்று துணிந்து எழுதலாம்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பவர்களுக்கு மெல்க் என்ற கைனேஸின் (பாஸ்பேட் ஏற்றும் நொதியின்) கதை போதும். ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு ஆய்வுகள் பல இதைப் புற்றுநோய் செல்லின் உயிர்நாடி என்று கூற, அதற்கெதிரான மருந்து மனிதச் சோதனைக்கும் சென்றது. 2017இல் ஜேசன் ஷெல்ட்சரின் குழு கிறிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறை கொண்டு அந்த மரபணுவையே நீக்கியபோது செல்கள் வழக்கம்போல வளர்ந்தன. அந்த மருந்தோ மரபணு இல்லாத செல்லையும் கொன்றது.

நடைமுறையில் சில. இழையின் செறிவை 5 முதல் 20 நானோமோலார் வரை வைத்து, விளைவு தரும் மிகக் குறைந்த அளவைப் பயன்படுத்துங்கள். தூது ஆர்.என்.ஏ. 24 மணி நேரத்தில் குறைந்தாலும் நீண்ட ஆயுளுள்ள புரதம் குறைய 72 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். 48ஆவது மணியில் அளந்துவிட்டு விளைவில்லை என்று எழுத வேண்டாம். பெரிதும் பயன்படும் செல் லைன்களுள் எச்.சி.டி.-116இல் டிபி53 பழுதின்றி உள்ளது, பிழைதிருத்தம் குன்றியுள்ளது, கே-ராஸ் மாறியுள்ளது, எச்.டி.-29இல் பி-ராஃப் வி600இ உள்ளது. ஒரே நோயாளியின் மூலக் கட்டியிலிருந்து எஸ்.டபிள்யூ.-480உம் நிணநீர்க் கணுவிலிருந்து எஸ்.டபிள்யூ.-620உம் வந்தவை என்பதால் இந்த இணை பெரிதும் விரும்பப்படுகிறது, ஆனால் அது எத்தனை முறை திரும்பச் செய்தாலும் ஒரே ஒரு நோயாளிதான். அதேபோல் ஒரு தட்டின் ஆறு குழிகள் ஆறு சோதனைகள் ஆகா. லைனின் அடையாளத்தையும் மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவின் தொற்றையும் தொடக்கத்திலேயே சோதித்துவிடுங்கள்.

ஒன்றை ஒடுக்கினால் மற்றொன்று எழும்

பி-ராஃப் வி600இ உள்ள தோல் மெலனோமாவில் நன்றாக வேலை செய்த வெமுராஃபெனிப் என்ற பி-ராஃப் தடுப்பு மருந்து, அதே மாற்றமுள்ள குடல் புற்றுநோயில் தனியாகத் தந்தபோது ஏறக்குறைய பயனற்றுப்போனது. ரெனே பெர்னார்ட்ஸின் குழு இந்தப் புதிருக்கு விடை தேடிய வழி நமக்குப் பாடமாகும். மருந்தைக் கொடுத்துக்கொண்டே கைனேஸ் மரபணுக்களை ஒவ்வொன்றாக ஒடுக்கி, எதை ஒடுக்கும்போது மருந்துக்குச் செல் பணிகிறது என்று தேடினார்கள். கிடைத்த பெயர், வளர்ச்சிச் செய்தியைச் செல்லுக்குள் அனுப்பும் இ.ஜி.எஃப். ஏற்பி. பி-ராஃபை அடக்கியதும் அந்த ஏற்பி பின்னூட்டமாக விழித்துக்கொண்டு, அடைத்த வாய்க்காலுக்கு வேறு வழியில் நீர் பாய்ச்சியது. 2012இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்ததே, பி-ராஃபை அடக்கும் என்கோராஃபெனிப், அந்த ஏற்பியை அடைக்கும் செடுக்சிமாப் ஆகிய மருந்துகளின் இணைப்பு. அது பீக்கன் என்ற மருத்துவச் சோதனையைத் தாண்டி 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மரபணு ஒடுக்கம் இங்கே மருந்தாகவில்லை, ஆனால் மருந்துக்கு வழிகாட்டியது. என் பார்வையில், ஒடுக்கத்தின் மிகப் பெரிய பயன் இன்றளவும் இதுதான். எனவே உங்கள் புரதத்தை ஒடுக்கிய பின், சில நாள்கள் கழித்து எந்தெந்தப் பாஸ்பேட் குறிகள் ஏறியிருக்கின்றன என்று கட்டாயம் பாருங்கள்.

பரவலைச் சோதித்தல்

துளைகள் கொண்ட சவ்வின் வழியே செல்கள் நகர்வதை எண்ணும் சோதனை எளிது. அதனாலேயே அளவுக்கு மீறி நம்பப்படுகிறது. பெருகாத செல் நகரவில்லை என்பது போலத்தான் அதில் தெரியும். நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகள் (முப்பரிமாணச் சிறு திசு உருண்டைகள்) இதைவிட உண்மைக்கு நெருக்கமானவை. சுண்டெலியின் மண்ணீரலில் செல்களைச் செலுத்தினால் அவை போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடையும். ஆனால் மூலக் கட்டியிலிருந்து கழலும் படி அதில் இல்லை. குருட்டுக்குடலின் சுவரில் கட்டியை வளர்த்தால் அந்தப் படியும் கிடைக்கும், காலமும் உழைப்பும் கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒடுக்கும் நேரம். தட்டிலேயே மரபணுவை ஒடுக்கிவிட்டு, அந்தச் செல்லை எலிக்குள் செலுத்தி, கல்லீரலில் கட்டி குறைவாக வந்தது என்று காட்டும் கட்டுரைகள் ஏராளம். அது பரவல் தொடங்குவதற்கு அந்தப் புரதம் தேவை என்பதைக் காட்டலாம். ஆனால் மருத்துவரிடம் வரும் நோயாளியின் கல்லீரலில் கட்டி ஏற்கெனவே இருக்கிறது. எனவே டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்தால் மட்டும் இயங்கும் ஒடுக்க அமைப்பைச் செல்லில் பொருத்தி, கல்லீரலில் கட்டி தெரிந்த பிறகே மருந்தைத் தொடங்குங்கள். அப்போதும் கட்டி சுருங்கினாலோ நின்றாலோதான் அந்தப் புரதம் சிகிச்சைக்குரிய இலக்கு. பல புகழ்பெற்ற பெயர்கள் இந்த ஒரு சோதனையில் கழன்றுவிடக்கூடும்.

மருந்தாக எண்ணும்போது

முதல் எஸ்ஐ-ஆர்.என்.ஏ. மருந்தான பாட்டிசிரான் 2018இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டே கேல்நாக் சர்க்கரையோடு இணைத்த ஜிவோசிரான் வந்தது. இரண்டும் கல்லீரல் செல்லுக்குச் செல்பவை. குடல் புற்றுநோய் பரவுவதும் கல்லீரலுக்குத்தானே, அப்படியானால் வேலை எளிது என்று தோன்றும். அது தவறான நம்பிக்கை. கேல்நாக்கைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி கல்லீரல் செல்லின் மேல் மிகுந்திருப்பது. கல்லீரலில் குடியேறிய குடல் செல் அதே வீட்டில் இருந்தாலும் அந்தக் கதவு அதனிடம் இல்லை. செல்லுக்குள் சென்ற பின்னும், லிப்பிட் (கொழுப்பு) நானோ துகளில் வைத்து அனுப்பிய ஆர்.என்.ஏ.வில் 1 முதல் 2 விழுக்காடுதான் செல் விழுங்கியதை அடைத்துவைக்கும் பையான எண்டோசோமிலிருந்து தப்பி வேலை செய்யும் இடத்துக்கு வருகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

முயன்றவர்கள் உண்டு. கல்லீரல் கட்டிகள் உள்ள 41 நோயாளிகளிடம் இரத்தக் குழாய் வளர்ச்சிக்கான வி.இ.ஜி.எஃப்., செல் பிரிதலுக்கான கே.எஸ்.பி. ஆகிய இரு மரபணுக்களையும் குறிவைத்த லிப்பிட் துகள் மருந்தின் முடிவுகள் 2013இல் வெளியாயின. கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் கொண்ட ஒருவரின் கட்டிகள் முற்றிலும் மறைந்தன. அதைவிட நமக்குப் பயனுள்ள செய்தி, திசு மாதிரிகளில் தூது ஆர்.என்.ஏ. எதிர்பார்த்த இடத்தில் வெட்டப்பட்டிருந்ததை அவர்கள் நேரடியாகக் காட்டியது. வெட்டிய துண்டின் முனையைப் படித்தறியும் இந்தச் சோதனை இல்லாமல், மருந்து வேலை செய்தது ஒடுக்கத்தால்தான் என்று சொல்ல வழியில்லை. ஏனெனில் அயல் ஆர்.என்.ஏ.வைக் கண்டால் நோயெதிர்ப்புச் செல்களின் டோல் ஏற்பிகள் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தூண்டும், அந்தத் தூண்டுதலே கட்டியை ஓரளவு அடக்கும். தொடர்பில்லாத வரிசை கொண்ட, ஆனால் அதே வேதி மாற்றங்கள் செய்த இழையை ஒப்பீடாக வைத்து, இரத்தத்தில் இன்டர்ஃபெரானையும் அளக்க வேண்டும். ஒளிரும் சாயம் ஒட்டிய துகள் கட்டியில் மின்னுவது சென்றடைந்ததற்கு முழுச் சான்று ஆகாது. சாயம் கழன்று தனியே அலையலாம், அல்லது துகளை விழுங்கியது அங்குள்ள பெருவிழுங்கிச் செல்லாக இருக்கலாம். கட்டியைச் செல்களாகப் பிரித்து, புற்றுநோய் செல்லில் மட்டும் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதுங்கள்.

நச்சுத்தன்மை பற்றி ஒரு வார்த்தை. மனித மரபணுவுக்கென எழுதிய இழை எலியின் மரபணுவோடு பொருந்தாவிட்டால், மனிதக் கட்டி சுருங்க எலி நலமாக இருக்கும். மருந்து பாதுகாப்பானது என்ற பொய்த் தோற்றம் அங்கேதான் பிறக்கிறது. இரு உயிரிகளிலும் பொருந்தும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள், முடியாவிட்டால் எலிக்கெனத் தனி இழையைச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். மேலும், கே-ராஸின் ஜி12சி என்ற மாற்றத்துக்கு ஏற்கெனவே வாய்வழி மருந்துகள் உள்ளன. அங்கே ஒடுக்க மருந்து கொண்டு போட்டியிடுவதற்குத் தெளிவான காரணம் வேண்டும். சிறு மூலக்கூறு நுழைய இடமில்லாத பீட்டா-கேட்டனின், மிக் போன்றவற்றில்தான் இந்த முறைக்கு நியாயம் மிகுதி.

முதல் இழையை வரவழைப்பதற்கு முன்பே ஒரு தாளில், எந்த முடிவு வந்தால் இந்தப் புரதத்தைக் கைவிடுவேன் என்று எழுதித் தேதியிட்டு ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள்: மூன்று இழைகளுள் குறைந்தது இரண்டுகூட ஒத்த விளைவைத் தராவிட்டால், கிறிஸ்பர் நீக்கத்தில் விளைவு தோன்றாவிட்டால், மீட்டல் மீட்காவிட்டால், உருவான கட்டியில் ஒடுக்கம் பயன்தராவிட்டால். ஒவ்வொன்றுக்கும் எதிரே சோதனை முடிந்த நாளையும் கிடைத்த அளவையும் நிரப்பி, ஆய்வுக் குழுவில் உங்களோடு கருத்து வேறுபடும் ஒருவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.